சாப்பாடு ஆச்சா என்று கேட்காத குரல்

சிஞ்சனா பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வந்தபோது சிக்கப்பா மாட்டுக் கொட்டில் படியில் உட்கார்ந்திருந்தார். சனிக்கிழமை, அரைநாள் பள்ளி. மணி பன்னிரண்டரைகூட ஆகவில்லை. அந்த நேரத்தில் அவர் ஹெக்டேயின் பாக்குக் கொட்டகையில் இருக்க வேண்டியவர்.

வேலைக்குப் போகும்போது வைத்துக்கொள்ளும் பாக்கு மட்டைத் தொப்பியைக்கூட அவர் இன்னும் கழற்றவில்லை.

"சிக்கப்பா, இன்னிக்கு வேலை சீக்கிரம் முடிஞ்சிருச்சா?"

"இல்ல புட்டி. ஹெக்டேரு போகச் சொல்லிட்டாரு."

"ஏன்?"

"தெரியல. 'நீ எதுக்கும் லாயக்கில்ல, வீட்டுக்குப் போ'ன்னாரு. வந்துட்டேன்."

சிக்கப்பா என்றால் அப்பாவின் தம்பி. பெயர் ரத்னாகரா. சின்னப் பெண்களை அங்கே புட்டி என்றுதான் செல்லமாகக் கூப்பிடுவார்கள். அப்பா மங்களூரில் ஒரு ஓட்டலில் வேலை பார்த்தார். பண்டிகைக்குப் பண்டிகைதான் வருவார். வீட்டில் இருந்தது சிஞ்சனா, அவளுடைய அம்மா ஜலஜா, சிக்கப்பா, இரண்டு மாடுகள். அம்மா பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைப்பவர். பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவர் சிஞ்சனாவுக்குப் பின்னாலேயே வந்து சேர்ந்தார்.

சிக்கப்பாவைப் பார்த்ததும் அம்மா பையை வைத்தார். மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டார்.

"சிஞ்சனா, வா. ஹெக்டேரைப் பார்த்துட்டு வரலாம்."

ஹெக்டேயின் கொட்டகை அரைமணி நடை. உள்ளே எட்டுப் பெண்கள் வரிசையாகத் தலையைக் குனிந்து உட்கார்ந்து பச்சைப் பாக்கு உரித்துக்கொண்டிருந்தார்கள். பின்பக்கம் பெரிய செப்பு அண்டா. உரித்த பாக்கு அதில் வேகும். ஹெக்டே ஒரு கையில் கரண்டியும் மறு கையில் விறகுமாக அண்டாவோடு தனியாகப் போராடிக்கொண்டிருந்தார்.

"நான் வாயே திறக்கல, ஜலஜா," என்றார் அவர். "அந்தப் பக்கம் திரும்பி நின்னு பாக்கு காயவைக்கிற பரணுக்கு மூங்கில் கட்டிக்கிட்டிருந்தேன். திரும்பிப் பார்த்தா அண்டா தன்பாட்டுக்குக் கொதிக்குது, இவன் வாசலைத் தாண்டிப் போயிட்டிருக்கான்."

"அவனுக்கு நீங்க போகச் சொன்ன மாதிரி கேட்டிருக்கு, ஹெக்டேரே."

"அது எனக்குத் தெரியாதா? அதனாலதான் போன வாரம் எழுந்து போனப்போ ஒண்ணும் சொல்லல. அன்னிக்கு ஓர் அண்டா பாக்கு குழைஞ்சு வீணாப் போச்சு. இன்னிக்கு ரெண்டாவது தடவை." ஹெக்டே கரண்டியை அண்டாவின் விளிம்பில் தட்டினார். "பதம் பார்க்கிறதுல அவனை அடிச்சுக்க ஆள் இல்ல. ஆனா கொதிக்கிற அண்டா யாருக்காகவும் காத்துக்கிட்டு நிக்காது. இன்னொரு தடவை இப்படிப் போனான்னா, அப்புறம் வர வேண்டாம்னு சொல்லிடு."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் சிஞ்சனாவுக்குப் பயமாக இருந்தது. கோபத்தில் சொன்னதென்றால் மறுநாள் மாறிவிடும்.

ரத்னாகராவுக்கு மனநோய் இருந்தது. ஊரில் அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் யாரும் அதைப் பற்றி அவரிடம் பேசியதில்லை. அவரை விட்டுவிட்டு மற்றவர்களிடம் மட்டும் தாராளமாகப் பேசுவார்கள்.

பக்கத்தில் யாரும் பேசாதபோதும் அவர் காதில் குரல்கள் கேட்கும். மாத்திரை சாப்பிடத் தொடங்கிய பிறகு பல குரல்கள் போய்விட்டன. ஒன்று மட்டும் போவேனா என்று உட்கார்ந்துகொண்டது. அதைச் சமாளிக்கவும் அவர் சில வழிகள் வைத்திருந்தார். சத்தம் கூடும் நாளில் இடது காதில் பஞ்சு வைப்பார். வேலை செய்துகொண்டே வாய்க்குள் ஏதாவது பாடுவார். ராத்திரி சாப்பிட்டதும், கிழமை எழுதிய டப்பாவைத் திறந்து மாத்திரையை எடுத்து அம்மாவிடம் காட்டிவிட்டு விழுங்குவார். எல்லாம் ஓரளவு ஓடிக்கொண்டுதான் இருந்தது. இந்த மழைக்காலம் முடிந்ததிலிருந்துதான் அந்தக் குரல் ஹெக்டே மாதிரியே பேசத் தொடங்கியிருந்தது.

அன்று சாயங்காலம் அம்மா காபி டம்ளரோடு பின்பக்கப் பலா மரத்தடிக்குப் போனார். தினமும் அந்தக் கால்மணி நேரம் அவரை யாரும் கூப்பிடக் கூடாது. மாதம் ஒரு தடவை வரும் நர்ஸ் வினோதா போட்ட விதி அது. "மத்தவங்களைப் பார்த்துக்கிறவங்களும் மனுஷங்கதான். கால்மணி நேரம் உங்களுக்குன்னு உட்காருங்க," என்று சொல்லியிருந்தார். வீடு தீப்பிடித்தால் கூப்பிடலாமா என்று சிஞ்சனா அப்போதே கேட்டு, கூப்பிடலாம் என்று அனுமதி வாங்கி வைத்திருந்தாள்.

அன்றைக்குக் கால்மணி அரைமணி ஆனது. அம்மா எழுந்து வரவில்லை. சிஞ்சனா மெல்ல எட்டிப் பார்த்தாள். காபி குடிக்காமலே ஆறி ஆடை கட்டியிருந்தது.

"அம்மா, வீடு தீப்பிடிக்கல. ஆனா வந்தேன்."

அம்மா நகர்ந்து இடம் விட்டார்.

"வேலை போயிட்டா என்னம்மா ஆகும்?"

"ரெண்டு வருஷத்துக்கு முன்னால ஆன மாதிரி ஆயிடுமோன்னுதான் எனக்கும் பயம்."

சிஞ்சனாவுக்கு அது நினைவிருந்தது. அப்போது சிக்கப்பாவுக்கு வேலை இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்தவர் படுத்தவர்தான். மாத்திரையைக் கிணற்றில் போட்டார். சாப்பிடக்கூட எழவில்லை. கடைசியில் சிவமொக்கா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். அம்மா இருபது நாள் அங்கேயே இருந்தார். சிஞ்சனா பக்கத்து வீட்டில் தங்கினாள். அவர்கள் அன்பாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். இருந்தாலும் சிஞ்சனா தினமும் தலையணையை நனைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது சிஞ்சனா பேச்சை ஆரம்பித்தாள்.

"சிக்கப்பா, அந்தக் குரல் அப்படியே ஹெக்டேரு குரல் மாதிரியே இருக்குமா?"

"அச்சு அசல். இருமல்கூட அவரு இருமல்தான்."

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. பேசுறவங்க வாயைப் பாருங்க. வாய் அசைஞ்சா நிஜம். அசையலன்னா பொய்."

சிக்கப்பா யோசித்துவிட்டுத் தலையாட்டினார். சிஞ்சனாவுக்கு இவ்வளவு சுலபமான வழியை ஏன் யாரும் இதுவரை சொல்லவில்லை என்று ஆச்சரியமாக இருந்தது.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் நேராகக் கொட்டகைக்குப் போனாள். வாசலிலேயே சுபத்ரக்கா பிடித்துக்கொண்டார். பாக்கு உரிக்கும் பெண்களில் அவர்தான் பெரிய கை, பெரிய வாயும்கூட.

"ஏ புட்டி, உங்க சிக்கப்பாவுக்கு இன்னிக்கு என்ன வந்துச்சு? காலையிலேர்ந்து என் வாயையே பார்த்துக்கிட்டு நிக்கறான். என் பல்லுல என்ன ஒட்டிக்கிட்டிருக்கு?"

சிஞ்சனா அந்த எட்டு வாய்களையும் பார்த்தாள். எட்டிலும் வெற்றிலை. பேசினாலும் பேசாவிட்டாலும் எட்டும் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தன. போதாததற்கு எல்லோரும் தலையைத் தூக்காமலே பேசினார்கள். ஹெக்டேயோ எப்போதும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் கத்துவார். வாய் பார்க்கும் திட்டம் அன்றோடு முடிந்தது.

"நாளைக்கு வேற பண்ணலாம்," என்றாள் சிஞ்சனா. "குரல் கேட்டா 'யாரு?'ன்னு கேளுங்க."

செவ்வாய்க்கிழமை அதையும் செய்து பார்த்தார்கள். பலன் இன்னும் மோசம்.

"'யாரு?'ன்னு கேட்டேன்," என்றார் சிக்கப்பா வீட்டுக்கு வரும் வழியில். "'ஹெக்டேதான், வேற யாரு'ன்னு அது சொல்லிடுச்சு."

"நிஜ ஹெக்டேரு?"

"அவரு விறகு எடுத்துப் போடச் சொன்னாரு. அவரையும் 'நீங்க யாரு?'ன்னு கேட்டேன்."

"ஐயோ. என்ன சொன்னாரு?"

"'எங்க தாத்தா கட்டின கொட்டகையில நின்னுக்கிட்டு என்னையே யாருன்னு கேக்கறியா'ன்னாரு. அப்புறம் ரொம்ப நேரம் சொன்னாரு."

சிஞ்சனாவுக்குச் சிரிப்பு வந்தது. சிக்கப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் சுருங்கியது. தோள் இரண்டும் காதுவரை ஏறின.

"பேசுதா?"

"ம்."

"என்ன சொல்லுது?"

"ஊரே உன்னைப் பார்த்துச் சிரிக்குதுன்னு சொல்லுது."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கோபம் கோபமாக வந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எப்படித் திட்டுவது?

எதிரே பால் கேன் கட்டிய சைக்கிளில் ஒருவர் வந்தார். "என்ன ரத்னாகரா, சாப்பாடு ஆச்சா?" என்று கேட்டார்.

"ஆச்சு. உங்களுக்கு?" என்றார் சிக்கப்பா. சைக்கிள் போய்விட்டது.

கொஞ்ச தூரத்தில் புல்லுக்கட்டு சுமந்து வந்த ஒரு பெண் கட்டுக்கு அடியிலிருந்தே, "சாப்பாடு ஆச்சா புட்டி?" என்றார். ஆச்சு என்றாள் சிஞ்சனா. பாலத்தருகே ஓட்டை ஜீப்பைத் தள்ளிக்கொண்டிருந்த மூன்று பேர், தள்ளுவதை நிறுத்தாமலே அதையே கேட்டார்கள். மணி ஐந்தரை. மதியச் சாப்பாடு எந்தக் காலத்திலோ முடிந்துபோயிருந்தது.

அந்தப் பக்கத்தில் அப்படித்தான். ஆளைப் பார்த்தால் வாயில் முதலில் வருவது அதுதான். நேரம் காலம் கிடையாது. போன வருஷம் மாடு தோட்டத்தில் புகுந்துவிட்டது என்று சண்டைக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரர்கூடச் சாப்பாடு ஆச்சா என்று கேட்டுவிட்டுத்தான் திட்டத் தொடங்கினார். 'ஆச்சு' என்று சொல்லிவிட்டால் தொல்லை இல்லை. 'இல்லை' என்று சொல்லிவிட்டால் கேட்டவர் மாட்டிக்கொண்டார். கையோடு கூட்டிப் போய் இலை போட்டே ஆக வேண்டும்.

சிஞ்சனா நடப்பதை நிறுத்தினாள்.

"சிக்கப்பா, அந்தக் குரல் உங்களைச் சாப்பாடு ஆச்சான்னு கேட்டிருக்கா?"

"என்னது?"

"என்னிக்காவது கேட்டிருக்கா? நீங்க சாப்பிட்டீங்களான்னு?"

சிக்கப்பா அப்படியே நின்றுவிட்டார். யோசித்தார். ரொம்ப நேரம் யோசித்தார். ஜீப் தள்ளியவர்கள் அவர்களைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

"இல்ல," என்றார்.

"ஒரு தடவைகூடவா?"

"ஒன்பது வருஷமா பேசுது. ஒரு தடவைகூடக் கேட்டதில்ல."

அவர் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அழுகிறாரோ என்று சிஞ்சனா நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை. ஒரு பெரிய மூட்டையை இறக்கி வைத்தவர் போல மூச்சு விட்டார்.

"ஆனா இனிமே அது கத்துக்கிட்டா?" என்று சிஞ்சனாவுக்கு உடனே சந்தேகம். "ஹெக்டேரு மாதிரி இருமக் கத்துக்கிச்சே."

"கத்துக்காது, புட்டி. நான் சாப்பிட்டா அதுக்கென்ன, சாப்பிடாட்டி அதுக்கென்ன."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார்கள். அம்மா தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா கொட்டகையில நூறு தடவை கூப்பிடுவாங்க. நூறு தடவையும் சாப்பாடு ஆச்சான்னா கேட்பாங்க?"

"சொல்லி வச்சா கேட்பாங்க. நான் இப்பவே போய் சுபத்ரக்கா கிட்ட..." சிஞ்சனா வாசலுக்குப் பாதி தூரம் போய்விட்டாள். பின்னாலிருந்து அம்மா அவள் சடையைப் பிடித்தார்.

"அது யாரோட விஷயம்?"

சிஞ்சனா திரும்பிச் சிக்கப்பாவைப் பார்த்தாள். அவளுக்கு வெட்கமாகிவிட்டது.

"சிக்கப்பா, நான் சொல்லட்டுமா?"

அவர் மாத்திரை டப்பாவை எடுத்தார், செவ்வாய்க்கிழமை மூடியைத் திறந்தார், மூடினார்.

"எல்லாருக்கும் தெரியும்னு எனக்கும் தெரியும். ஆனா என்கிட்ட யாரும் கேட்டதில்ல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்." டப்பாவை வைத்துவிட்டு, "நானே சொல்றேன். நீ பக்கத்துல மட்டும் நில்லு," என்றார்.

மறுநாள் சாயங்காலம் அண்டா இறக்கியானதும் அவர் உரிக்கும் பெண்கள் முன்னால் போய் நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். சிஞ்சனா பக்கத்தில் நின்றாள்.

"எனக்கு இல்லாத குரல் கேட்கும். அது உங்களுக்கெல்லாம் தெரியும். எது நிஜக் குரல், எது இல்லைன்னு சில சமயம் எனக்கே பிரியாது. அது என்னை ஒருநாளும் சாப்பாடு ஆச்சான்னு கேட்டதில்ல. அதனால, என்கிட்ட ஏதாவது சொல்லணும்னா முதல்ல அதைக் கேட்டுட்டுச் சொல்லுங்க. அவ்வளவுதான்."

எட்டுக் கத்திகளும் நின்றிருந்தன. சிஞ்சனா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். யாராவது சிரித்துவிட்டால் என்ன செய்வது?

சுபத்ரக்கா வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்குத் தள்ளினார்.

"ரத்னாகரா, சாப்பாடு ஆச்சா?"

"ஆச்சு, அக்கா."

"அப்ப இந்தக் கூடையை எடுத்துட்டு, காலிக் கூடை ஒண்ணு போடு. கால் மரத்துப் போச்சு எனக்கு."

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் கொட்டகையில் வேறு பேச்சே இல்லை. கூடைக்கு ஒரு சாப்பாடு ஆச்சா, தண்ணீர்ச் செம்புக்கு ஒரு சாப்பாடு ஆச்சா. பழக்க தோஷத்தில் அவர்கள் ஒருவரையொருவரே கேட்டுக்கொள்ளத் தொடங்கிவிட்டார்கள். இரண்டு நாளில் ஒரு வருஷச் சாப்பாடு ஆகிவிட்டது என்று சுபத்ரக்கா அலுத்துக்கொண்டார். ஆனால் கேட்பதை நிறுத்தவில்லை.

கேட்காதவர் ஒருவர்தான். ஹெக்டே.

அவர் யாரையுமே கேட்பதில்லை என்பது ஊருக்குத் தெரிந்த விஷயம். கேட்டால் சோறு போட வேண்டியிருக்குமே என்று பயப்படும் கஞ்சன் என்றார்கள். அவருடைய மனைவி இருந்தவரை அந்த வீட்டில் கை நனைக்காமல் யாரும் திரும்பியதில்லை என்றும் சொன்னார்கள். அந்த அம்மாள் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

வெள்ளிக்கிழமை சிஞ்சனா துணிந்து அவரிடமே போனாள்.

"ஹெக்டேரே, நீங்களும் கேட்டாத்தான் சரியா வரும். அந்தக் குரல் உங்க குரல்லதான் பேசுது."

"என் குரலை எடுத்துக்கிட்டதுக்கு நான் என்ன பண்ணுவேன்? என் வாய்க்கு அது வராது, போ."

"ஒரே ஒரு வார்த்தைதானே?"

"கேட்டு, இல்லைன்னு சொல்லிட்டான்னா?" என்றார் ஹெக்டே.

"சொல்ல மாட்டாரு. அம்மா கட்டிக் கொடுத்துடுவாங்க."

அவர் பரண் பக்கம் போய்விட்டார். இவ்வளவு பெரிய மனிதருக்கு இவ்வளவு சின்ன வார்த்தை ஏன் வரவில்லை என்று சிஞ்சனாவுக்குப் புரியவில்லை.

"அவரு கேட்கலன்னா என்ன பண்ணுவீங்க?" என்று வீட்டுக்கு வரும் வழியில் கேட்டாள்.

"தெரியல."

"அப்ப நீங்களே கேட்டுடுங்க. ஹெக்டேரைப் பார்த்து, சாப்பாடு ஆச்சான்னு."

"ஹெக்டேரையா? அவரை யாரும் கேட்கறதில்ல, புட்டி," என்று சிக்கப்பா சிரித்தார்.

சனிக்கிழமை மதியம் சிஞ்சனா பள்ளியிலிருந்து வீட்டுக்குப் போய், அம்மா கட்டி வைத்திருந்த தூக்கை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள். தூக்கில் அரிசி ரொட்டி, மோர் விட்டு அரைத்த கீரைத் தம்புளி, கொஞ்சம் சோறு. அண்டா தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. சிக்கப்பா கரண்டியோடு பக்கத்தில் நின்றார். இடது காதில் பஞ்சு இருந்தது. அதைப் பார்த்ததுமே அவள் நடையை எட்டிப் போட்டாள்.

ஹெக்டே பரணடியில் முதுகைக் காட்டி நின்று கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார்.

சிக்கப்பாவின் தோள்கள் உயர்ந்தன. அவர் கரண்டியை மெல்ல அண்டா மேல் குறுக்கே வைத்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார். வாசலை நோக்கி நடந்தார்.

சுபத்ரக்கா வாயைத் திறந்தபடி எழப் பார்த்தார். சிஞ்சனா ஓடிப் போய் எதிரே நின்றாள். 'அவரு சொல்லல, சிக்கப்பா' என்று சொல்ல வாயெடுத்தாள்.

"சும்மா இரு புட்டி," என்றார் அவர். நெற்றி முழுக்க வேர்வை. "நானே பார்க்கிறேன்."

அவர் வாசலுக்கு இரண்டடி முன்னால் நின்றார். திரும்பினார். அண்டாவைத் தாண்டி, கூடைகளைத் தாண்டி, நேராகப் பரணடிக்குப் போனார். ஹெக்டேயின் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

"ஹெக்டேரே, சாப்பாடு ஆச்சா?"

கொட்டகையில் கத்திச் சத்தம் நின்றது.

ஹெக்டே திரும்பினார். கையில் பாதி முறுக்கிய கயிறு. வாயைத் திறந்தார். திட்டப் போகிறார் என்றுதான் சிஞ்சனா நினைத்தாள்.

"இல்ல," என்றார் ஹெக்டே.

சிக்கப்பா அசையாமல் நின்றார்.

"காலையில நாலு பிஸ்கட்டு. நேத்து ராத்திரியும் அதுதான். அவ போனதுலேர்ந்து அந்த அடுப்பைப் பத்த வைக்க மனசே வரல. வீட்டுல ஒண்ணும் இல்லாம, யாரைப் போய் நான் சாப்பாடு ஆச்சான்னு கேட்கறது?" அவர் கயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "என்னையும் யாரும் கேட்கல."

சுபத்ரக்கா தலையைக் குனிந்துகொண்டார். கஞ்சன் என்று அதிகம் சொன்னது அவர்தான்.

"நீங்க என்னை இப்ப வீட்டுக்குப் போகச் சொன்னீங்களா, ஹெக்டேரே?" என்று கேட்டார் சிக்கப்பா.

"நான் எதுக்குடா சொல்றேன்? நீ போயிட்டா அந்த அண்டாவை யாரு பார்க்கிறது?"

"சரி. அப்ப அண்டா இறங்கினதும் சாப்பிடலாம். எங்க அண்ணி கட்டிக் கொடுத்தது இருக்கு. எனக்கு மட்டும்னா அதிகம்தான்."

சிக்கப்பா திரும்பி வேகமாக நடந்தார். கரண்டியை அண்டாவில் விட்டு ஒரு பாக்கை அள்ளினார். நகத்தால் அழுத்திப் பார்த்தார், முகர்ந்தார். "இன்னும் கொஞ்சம்," என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு விறகை இழுத்துத் தீயைத் தணித்தார். பாக்கு சரியான பதத்தில் இறங்கியது. சிஞ்சனா இன்னும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். சுபத்ரக்கா அவளை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

அண்டாவுக்குப் பக்கத்திலேயே வாழையிலைத் துண்டு போட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள். சிஞ்சனா பரிமாறினாள். சுபத்ரக்கா தன் தூக்கிலிருந்து ஊறுகாய் கொண்டுவந்து, யாரையும் கேட்காமல் ஹெக்டேயின் இலையில் வைத்துவிட்டுப் போனார். ஹெக்டே முதல் ரொட்டியை வேகமாகச் சாப்பிட்டார். இரண்டாவதை மெதுவாகச் சாப்பிட்டார்.

சிஞ்சனா சிக்கப்பாவின் காதருகே குனிந்தாள். பஞ்சு இல்லாத காது.

"அது இன்னும் பேசுதா?"

"பேசுது."

"என்ன சொல்லுது?"

"கவனிக்கல. நான் சாப்பிட்டுக்கிட்டிருக்கேன்."

ஹெக்டே தம்புளியைக் கையில் ஊற்றிக் குடித்துவிட்டு ஏப்பம் விட்டார். நிமிர்ந்து பார்க்காமல், அடுத்த ரொட்டியை மென்றுகொண்டே பேசினார்.

"ரத்னாகரா, திங்கட்கிழமை சீக்கிரமா வா. பெரிய அண்டா போடணும். நீ இல்லாம ஆகாது."

"வர்றேன்," என்றார் சிக்கப்பா. அப்படிச் சொன்னது யார் என்று அவர் யாரையும் கேட்கவில்லை.